எடுத்தவன் மகன், கட்டுவது யார்? 16 வயதுப் பையனின் கடைத் திருட்டும் இழப்பீடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

"அண்ணே, எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிடுறேன். ஸ்டேஷனுக்கு மட்டும் போயிடாதீங்க."

பிள்ளை திருடி மாட்டிக்கொண்ட அன்று அப்பா வாயிலிருந்து வரும் முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான். கடைக்காரருக்கும் அந்த நேரத்தில் இது போதும் என்றே தோன்றும். ஆனால் இந்தப் பேச்சின் முற்பாதியை வைத்துத்தான் பணம் வாங்க முடியும். பிற்பாதி அந்த முற்பாதியையே செல்லாக்காசாக்கிவிடும். இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தால் காசு வரும். தெரியாவிட்டால் கடைக்காரரே எதிரியாக நிற்க நேரிடும்.

கீழே வருவது மாதிரி நிகழ்வு. இது தனியொரு கடையின் கதையல்ல. தமிழ்நாட்டில் இத்தகைய விவகாரங்கள் வழக்கமாகப் போகும் போக்கை ஒரே கோப்பாகக் கட்டியது. தொகைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. சட்டப் பிரிவுகள் உள்ளபடி.

நடந்தது

சிற்றூர் ஒன்றில் செல்போன் விற்பனை, சர்வீஸ் கடை. பக்கத்துத் தெருப் பையன், பிளஸ் ஒன் படிப்பவன், 16 வயது. மாலையில் வந்து உட்கார்ந்து சின்னச் சின்ன உதவி செய்வான். ஐந்து வாரத்தில் மூன்று பழைய போன்கள், ஆறு இயர்பட்ஸ், நான்கு பவர் பேங்க், கல்லாவிலிருந்து ரொக்கம் ஆகியவை குறைந்தன. கேமரா பதிவைப் பார்த்தபோது ஆள் தெரிந்தது. அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் மாதச் சம்பளம்.

முதல் நாள் கடைக்காரர் மூன்று தவறு செய்தார். பையனை மதியத்திலிருந்து இரவு வரை கடைக்குள்ளேயே உட்காரவைத்தார். அவன் சைக்கிளையும் போனையும் "பணம் வரும்வரை" என்று பிடித்து வைத்துக்கொண்டார். கேமராக் காட்சியை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

முதலாவது, குற்றங்களுக்கான சட்டமாகிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் வரும் சட்டவிரோத அடைப்பு. ஒரு அறை விழுந்திருந்தால் காயப்படுத்தலுக்கான 115-உம் சேரும். இரண்டாவதை மிரட்டிப் பறித்தல் என்று எதிர்த்தரப்பு எழுதும், எழுதவும் செய்தது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. விசாரணைக்கு உள்ளாகும் சிறாரின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளித் தலைமையாசிரியருக்கு அந்த வீடியோவை அனுப்பும் யோசனையும் இதே குழியில்தான் விழும்.

மறுநாள் பையனின் சித்தப்பா ஒரு வக்கீலோடு வந்தார். முதல் நாள் இரவு அழுதுகொண்டு நின்ற குடும்பம், அன்று பேரம் பேசும் குடும்பமாகிவிட்டது. கடைக்காரர் சைக்கிளையும் போனையும் இரண்டு சாட்சிகள் முன்னால் திருப்பிக் கொடுத்து, பெற்றதற்கு எழுதி வாங்கி, குழுவிலிருந்து காட்சியை நீக்கிய பிறகுதான் பேச்சு மறுபடி தொடங்கியது. இந்த ஒரு நாள் கோபத்தின் விலை என்ன என்று கேட்டால், முன்பணத்தை முதலில் 20,000 என்று சொன்ன அப்பா பிறகு 7,000-க்கு மேல் ஏறவே இல்லை.

பெற்றோர் கட்டத்தான் வேண்டுமா?

இணையத்தில் தேடினால் "மைனர் செய்த நட்டத்துக்குப் பெற்றோரே பொறுப்பு" என்று வரும். அது பெரும்பாலும் வெளிநாட்டுச் சட்டம். கலிபோர்னியாவின் சிவில் சட்டம் 1714.1-ஆம் பிரிவு, பிள்ளை வேண்டுமென்றே செய்த தீங்குக்குப் பெற்றோரையும் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. அதற்கு உச்சவரம்பும் உண்டு. இந்தியாவில் திருட்டுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. எழுதத் தெரியாமல் விட்டதல்ல. மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் காப்பாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ பிரிவைச் சேர்த்தார்கள். திருட்டுக்கு யாரும் சேர்க்கவில்லை.

எனவே இங்கே பொது விதி இதுதான்: தீங்கு செய்த மைனரே பொறுப்பு, அவன் மீதே வழக்குப் போடலாம், அப்பா என்பதற்காக மட்டும் அப்பா பொறுப்பாக மாட்டார். அவரைத் தனியே பிடிக்க மூன்று வாசல்கள் உண்டு. அவரே சொல்லிச் செய்யவைத்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைத்துக்கொண்டது அல்லது விற்றது. அவருடைய சொந்தக் கவனக்குறைவு. மூன்றாவது சொல்ல எளிது, நிரூபிக்கக் கடினம். முன்பே ஒருமுறை எழுத்தில் எச்சரித்திருந்து, அதற்குப் பிறகும் நடந்தது என்றால்தான் அதற்குக் கொஞ்சம் வலு இருக்கும். இந்த நிகழ்வில் இது முதல்முறை. வீட்டில் பொருள் எதுவும் இல்லை. ஆக மூன்று வாசலும் மூடியே இருந்தன.

பையன் மீது சிவில் வழக்குப் போட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 32-இன்படி அவனுக்கு ஒரு வழக்குக் காப்பாளரை நீதிமன்றம் நியமிக்கும். பெரும்பாலும் அப்பாவே வருவார். இங்கேதான் கடைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். வழக்குத் தலைப்பில் அப்பா பெயரைப் பார்த்ததும் அவர் கட்டுவார் என்று நினைக்கிறார்கள். காப்பாளராக நிற்பவர் தன் பாக்கெட்டிலிருந்து கட்டப் பொறுப்பில்லை. தீர்ப்பாணை மைனர் மீதுதான். அவனுக்குச் சொந்தமாகச் சொத்தோ பூர்வீகப் பங்கோ இருந்தால்தான் அதன்மேல் கைவைக்க முடியும். தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு என்பதால், அவன் வேலைக்குப் போன பிறகு வசூலிக்கலாம் என்பது உண்மைதான். இந்த நிகழ்வில் கடைசியில் நின்ற 37 ஆயிரத்துக்கு 12 ஆண்டு காத்திருப்பாரா என்பதைக் கடைக்காரரே முடிவு செய்யட்டும்.

ஆகவே இந்த மாதிரி விவகாரத்தில் பெற்றோரிடமிருந்து பணம் வருவது ஒரே வழியில்தான்: அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில், தாமாக முன்வந்து, செல்லுபடியாகும் ஒரு தாளில் ஒப்புக்கொள்வது. மற்ற வேலைகளெல்லாம் அந்தத் தாளை நோக்கிப் போக வேண்டியவை.

தொகை: 82 ஆயிரம் எப்படி 37 ஆயிரமானது

கடைக்காரர் முதலில் சொன்னது 82,000. போன்கள் விற்கும் விலையில் 33,000, இயர்பட்ஸ் எம்.ஆர்.பி.யில் 8,994, பவர் பேங்க் 5,196, ரொக்கம் "குத்துமதிப்பா" 25,000, இனிமேல் திருடு போகாமலிருக்கப் புதிய கேமரா 9,800. இந்தப் பட்டியல் எந்த மேசையிலும் நிற்காது. நட்டம் என்பது வாங்கிய விலை. வராத லாபம் அல்ல. புதிய கேமரா கடையின் செலவு.

திருத்திய கணக்கு இப்படி வந்தது. பழைய போன்கள் வாங்கிய விலை 6,500, 8,000, 9,500, மொத்தம் 24,000. இயர்பட்ஸ் 6, தலா 900 வீதம் 5,400. பவர் பேங்க் 4, தலா 750 வீதம் 3,000. புதிய பொருள்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,512 ரூபாய். இந்தக் கடைசித் தொகையைப் பலர் விட்டுவிடுவார்கள். திருடுபோன சரக்குக்கு உள்ளீட்டு வரிப் பயன், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்ப வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) சொல்கிறது. அப்படித் திருப்பிய வரியும் நட்டம்தான். பழைய போன்களை லாப வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்றதால் அவற்றுக்கு இந்தச் சேர்க்கை இல்லை.

ரொக்கத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கேமராவில் பையன் கை கல்லாவுக்குள் போவது நான்கு நாள் தெரிந்தது. அந்த நான்கு நாளுக்கு மட்டும் கணக்கு எடுத்தார்கள். ஒரு நாள் இப்படி: காலை இருப்பு 2,000, ரொக்க பில்கள் 9,650, அன்றைய செலவு 1,150, மாலை இருக்க வேண்டியது 10,500, நோட்டில் எழுதியிருந்தது 7,300, குறைவு 3,200. ஜிபே, போன்பே வரவை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு ஒருபோதும் ஒட்டாது. மற்ற மூன்று நாளும் 2,600, 3,500, 2,100. கூட்டினால் 11,400. கேமராவில் இல்லாத நாள்களின் குறைவைக் கடைக்காரர் விட்டுக்கொடுத்தார். சரியான முடிவு. காட்ட முடியாத ஒரு தொகையைச் சேர்த்தால் காட்ட முடிந்த தொகைகள் மேலும் சந்தேகம் விழும்.

எல்லாம் சேர்த்து 45,312.

போனை வாங்கியவர்

இழப்பீடு என்றால் பெற்றோரையே பார்த்துக்கொண்டிருப்பது பெரிய பிழை. பள்ளிச் சீருடையில் வந்த பையனிடம் 8,000 ரூபாய் போனை 2,500-க்கு பில் இல்லாமல் வாங்கியவர் ஒரு பெரியவர், அதுவும் இன்னொரு கடைக்காரர். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 27-ஆம் பிரிவுப்படி, விற்க உரிமையில்லாதவனிடம் வாங்கியவருக்கும் உரிமை வராது. போன் இன்னும் பழைய உரிமையாளருடையதே. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியிருந்தால் நியாய சன்ஹிதாவின் 317(2)-இல் 3 ஆண்டு வரை சிறை. அந்த ஒரு வரியைக் கேட்டதும் போன் காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

அது தன் போன்தான் என்று காட்ட வேண்டியது ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். பழைய போன் வாங்கும்போதே எண், விற்றவரின் அடையாள நகல், தொகை ஆகியவற்றை எழுதி வைத்திருந்த கடை இது. மற்ற இரண்டு போன்களையும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கினார்கள். அதற்குப் புகார் நகல் தேவை.

போலீஸ் கைப்பற்றிய போனை ஸ்டேஷனிலேயே கேட்டு வாங்க முடியாது. இடைக்காலப் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரி, குற்ற நடைமுறைச் சட்டமாகிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். சிறார் வழக்கில் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு என்பதால் மனு அங்கே போனது. போன் கைக்கு வந்து, சார்ஜ் ஏறி, திரை சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே 8,000-ஐக் கழித்தார்கள். மீதி 37,312.

புகாரில் நடப்பது

"மைனர் சார், எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்று ஸ்டேஷனில் சொன்னால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டாக உள்ள கொடுங்குற்றம் அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்தது என்றால் மட்டுமே சிறார் மீது எஃப்.ஐ.ஆர். மற்றவை நாட்குறிப்பில் பதிவாகும், கூடவே சமூகப் பின்னணி அறிக்கை ஒன்று போகும். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் 8-ஆம் விதி இது. கடைக்காரர் கேட்டு வாங்க வேண்டியது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது. வரிக் கணக்குக்கும் போன் முடக்கத்துக்கும் அதுதான் கையிலிருக்கும் தாள். காப்பீடு எடுத்திருந்தால், எஃப்.ஐ.ஆர். ஏன் இல்லை என்பதை அந்த விதியைக் காட்டி எழுத்தில் விளக்க வேண்டியிருக்கும்.

கேமராப் பதிவுக்கு அவசரம் உண்டு. பதிவைச் சேமிக்கும் பல டி.வி.ஆர். பெட்டிகள் வட்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். சின்ன வட்டு என்றால் இரண்டு வாரத்தில் போய்விடும். இந்தக் கடையில் முதல் இரண்டு வாரத்துக் காட்சி அப்படித்தான் அழிந்தது. நகல் எடுக்கும்போது பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பில் நேரமும் காட்சி நேரமும் ஒட்டாது. மின்னணுச் சான்றுக்கு, சாட்சியச் சட்டமாகிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீட்டை, குறிக்க வேண்டும். ஒரு பகுதியைக் கடைக்காரரும் இன்னொன்றை வல்லுநரும் நிரப்ப வேண்டும்.

குழுமம் என்ன செய்யும்? இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரின் பிணைப்பத்திரத்தோடு நன்னடத்தையில் விடலாம். பையனையோ பெற்றோரையோ அபராதம் கட்டச் சொல்லும் அதிகாரமும் உண்டு. இந்த அபராதத்தைத்தான் பலர் இழப்பீடு என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். அபராதம் தானாகக் கடைக்காரர் கைக்கு வராது.

ஆனால் வேறொரு விதத்தில் குழுமம் பணத்துக்குத் துணை. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய் அறிக்கை எழுதுவார். எடுத்ததைக் குடும்பம் திருப்பிக் கொடுத்துவருகிறது என்பதற்கு ரசீது இருந்தால் அது பையனுக்கு நல்லது. பெற்றோர் பணம் கட்டுவதற்கான நேர்மையான காரணம் இதுதான். மிரட்டாமலே சொல்லக்கூடியதும் இதுதான்.

தாள்

இப்போது அந்தப் பிற்பாதிக்கு வருவோம். "ஸ்டேஷனுக்குப் போகாதீங்க, பணம் தர்றேன்" என்பதை அப்படியே எழுதினால் என்ன ஆகும்? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் எச் என்ற எடுத்துக்காட்டு கிட்டத்தட்ட இதே காட்சி: கொள்ளை வழக்கைக் கைவிடுவதாக ஒருவர், எடுத்ததன் மதிப்பைத் தருவதாக இன்னொருவர். அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது சட்டம். சாதாரணத் திருட்டு, நியாய சன்ஹிதாவின் 303(2), உரிமையாளர் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் பொருள் வைக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு 305-இல் போய் விழும். 7 ஆண்டு வரை தண்டனை, சமரசப் பட்டியலில் இல்லாதது. கடை அப்படிப்பட்ட கட்டடம். பணம் வாங்கிக்கொண்டு குற்றவாளியைச் சட்டத்திடமிருந்து மறைத்தால் அதுவே 250-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

தீர்வு என்ன? புகாரைத் தாளுக்குள் கொண்டுவரவே கூடாது. பெற்றோரின் வாக்குறுதிக்கு ஈடாகக் கடைக்காரர் கொடுப்பது, சிவில் வழக்குத் தொடராமல் பொறுத்திருப்பது மட்டுமே. அது சட்டப்படி நல்ல மறுபயன். எழுதப்பட்ட முக்கிய வரிகள்:

"இணைப்பிலுள்ள பட்டியலின்படி ரூ.37,000-ஐ நாங்கள் இருவரும் எங்கள் சொந்தப் பொறுப்பில், கூட்டாகவும் தனித்தனியாகவும் செலுத்தச் சம்மதிக்கிறோம். இத்தொகைக்காகத் தாங்கள் சிவில் வழக்குத் தொடராமல் தவணைக் காலம்வரை பொறுத்திருப்பதாகச் சம்மதித்ததை முன்னிட்டு இதை எழுதிக் கொடுக்கிறோம். இதில் எந்தக் குற்ற நடவடிக்கையைப் பற்றியும் உடன்பாடு எதுவும் இல்லை."

பையன் இதில் கையெழுத்துப் போடவில்லை. மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. அவனிடம் புரோநோட்டு வாங்குவது ரெவின்யூ ஸ்டாம்ப்பை வீணாக்குவது. அப்பாவிடம் "கைமாற்றுக் கடன்" என்று பொய்யாக எழுதி வாங்கும் புரோநோட்டும் ஆபத்து, குறுக்கு விசாரணையில் "பணம் எப்போது, எங்கே கொடுத்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. பின்தேதியிட்ட செக்கும் அப்படியே: அடியிலுள்ள கடன் செல்லுபடியானால்தான் செக் திரும்பினால் வழக்குப் போடும் 138-ஆம் பிரிவு (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) வேலை செய்யும்.

எழுதிய இடமும் முக்கியம். ஸ்டேஷன் பெஞ்சில் வைத்து எழுதிய தாளை "பயத்தில் போட்டேன்" என்று உடைப்பது எளிது. இந்தத் தாள் வட்ட சட்டப் பணிகள் குழு வழியாக லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே பிறப்பிக்கும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு இல்லை. கட்டத் தவறினால் புதிதாக வழக்குப் போடாமல் நேராக நிறைவேற்று மனுவுக்குப் போகலாம். வழக்கே போட்டிருந்தால் தமிழ்நாட்டில் 3 சதவீத நீதிமன்றக் கட்டணம் சுமார் 1,120 ரூபாய்தான். செலவு அதில் இல்லை, வக்கீல் கட்டணத்திலும் வாய்தாவிலும்தான். அந்த வழியில் போவோருக்கு, திருட்டுப் பொருள் யாரிடம் இருக்கிறது என்று முதலில் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு காலவரம்பு.

தவணை போடும்போது அம்மாவையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கூலித் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது. மாதச் சம்பளத்திலும் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. கட்டாயப்படுத்தி எடுக்கக்கூடியது அவ்வளவு சின்னது என்றால், தானாகக் கட்டக்கூடிய தவணைதான் உண்மையான தவணை. முன்பணம் 7,000, பிறகு மாதம் 5,000 வீதம் ஆறு. அம்மாவுக்கு 7-ஆம் தேதி சம்பளம் என்பதால் தவணை 10-ஆம் தேதி என்று வைத்தார்கள். வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம், கையில் இல்லை. இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டும் என்று ஒரு வரி.

மூன்றாவது தவணை 19 நாள் தாமதமாக வந்தது, ஆட்டோவுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும் மாதம். கடைக்காரர் நிறைவேற்று மனுவுக்குப் போகவில்லை. ஒரு தவணை தவறியதால் மட்டும் அந்த வரி உயிர்பெறாது என்பது ஒன்று. தாமதத்தை ஏற்றது இந்த ஒருமுறை மட்டுமே, விதி மாறவில்லை என்று வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு ஒரு வரி எழுதிப் பதில் வாங்கிக்கொண்டார் என்பது இன்னொன்று. கடைசித் தவணை வந்த அன்று, பட்டியல் முழுவதற்கும் இனி உரிமைகோரல் இல்லை என்று ரசீது கொடுத்து, அதன் நகலை நன்னடத்தை அலுவலரிடம் சேர்க்கும்படி அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.